சின்ன மெக்கானிக்கல் கீபோட்: வாங்க முதல் எந்தக் கீ போகிறது என்று எண்ணுங்கள்

61 கீ உள்ள கீபோட் ஒன்றில், பழைய தட்டச்சு வழியில் அடிக்கும் பாமினி எழுத்துருவில் ‘ஹாட்லி’ என்று அடித்துப் பாருங்கள். ஹ, அரவு (ா), ட, புள்ளி, ல, விசிறி (ி) என்று ஆறே அடி. ஆனால் முதல் எழுத்திலேயே கை நின்றுவிடும். பாமினியில் ஹ இருப்பது எண் வரிசையின் இடது ஓரத்தில், 1க்குப் பக்கத்துக் கீயில். 61 கீ கீபோடில் அந்த இடத்தில் எஸ்கேப் இருக்கிறது. அழுத்தினால் எழுத்து வராது. திரையில் ஏதாவது பெட்டி திறந்திருந்தால் அது மூடிக்கொள்ளும். ஹ வேண்டுமென்றால் ஃபங்ஷன் (Fn) கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ‘சந்தோஷம்’ இன்னும் கரைச்சல். ஷ அதே கீயில் ஷிஃப்ட்டோடு இருப்பதால் பல மாடல்களில் மூன்று கீயை ஒருமிக்க அழுத்த வேண்டிவரும்.

இணையத்தில் கிடைக்கும் மதிப்பீடுகள் பெரும்பாலும் ஆங்கிலம் அடிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு அந்த ஓரத்துக் கீ இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பத்திரிகை வேலை, மொழிபெயர்ப்பு, கொம்யூனிக்கேஷன் கடையில் விண்ணப்பம் அடிப்பது என்று நாள் முழுக்கத் தமிழில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. ஆகவே சத்தம், நிறம், விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் விரல் எந்தக் கீகளுக்குப் போகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

எத்தனை கீ, எவ்வளவு அகலம்

வழமையான முழுக் கீபோடில் 104 கீ. வலப்பக்க நம்பர் பாடை வெட்டினால் 87. அம்புக் கீகளை எழுத்துகளோடு நெருக்கி, எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள எஃப் வரிசையை மட்டும் விட்டுவைத்தால் ஏறக்குறைய 84. இதை 75% என்பார்கள். எஃப் வரிசையும் போனால் 67 அல்லது 68 கீயோடு 65%. அம்புகளும் போனால் 61 கீயோடு 60%. அதற்கும் கீழே 47 கீ அளவில் 40% இருக்கிறது.

இந்த வீதங்களைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஒரே ‘65%’ என்ற பெயரில் இரண்டு கம்பனி இரண்டு விதமாகக் கீ வைக்கும். படத்தைப் பெரிதாக்கி, கீ கீயாகப் பாருங்கள்.

சின்னதென்றால் எழுத்துக் கீயும் சின்னதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடு வரை 19.05 மி.மீ.; முழுக் கீபோடிலும் 61 கீயிலும் அது ஒன்றுதான். பழகிய விரலுக்கு எழுத்துகள் அதே இடத்தில் இருக்கும். குறைவது அகலம் மட்டும். கீகள் பிடிக்கும் இடம் முழுக் கீபோடில் ஏறக்குறைய 43 செ.மீ., 87 கீயில் 35 செ.மீ., 65%இல் 30.5 செ.மீ., 60%இல் 28.5 செ.மீ. வெளிக்கூட்டுக்கு இன்னும் ஒரு செ.மீ. வரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தமிழ் எந்தத் தட்டமைப்பில் இருக்கிறது

இதுதான் முக்கியமான இடம். ஆறுதலாகப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவைப்பவர் என்றால் 26 எழுத்துக் கீ போதும். எந்தச் சின்னக் கீபோடும் சரி.

தமிழ்99 பாவிப்பவருக்கும் பெரும்பாலும் கவலையில்லை. 12 உயிர், ஆய்தம், 18 மெய் என்று 31 எழுத்தும் மூன்று எழுத்து வரிசைகளுக்குள் அடங்கிவிடும். எண் வரிசை வேண்டியதில்லை. ஆனால் இரண்டு இடத்தில் கவனம். முதலாவது, ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிக் கீகளில் இருக்கின்றன. 40% கீபோடில் அந்தக் கீகள் தனியாக இல்லை, ஆகவே அது சரிவராது. இரண்டாவது, ழ. அது வலது ஷிஃப்ட்டுக்குப் பக்கத்திலுள்ள சாய்கோட்டுக் கீயில் இருக்கிறது. சில 61 கீ மாடல்களில் அதே சாய்கோட்டுக் கீயின் மேலேயே மேல் அம்பையும் அச்சடித்திருப்பார்கள். ஃபங்ஷனோடு ஏதோ ஒரு கீயைத் தவறுதலாக அழுத்தினால் அந்தக் கீ அம்பாக மாறி நின்றுவிடும். பிறகு ‘தமிழ்’ என்று அடித்தால் ழ வராமல் கேர்சர் மேல் வரிக்குப் பாயும். கீபோட் பழுது என்று திருப்பி அனுப்ப முதல் பெட்டியில் வந்த தாளை எடுத்து, அம்பை மாற்றும் கூட்டு எது என்று பாருங்கள். திரும்ப ஒருமுறை அழுத்தினால் ழ வந்துவிடும்.

பாமினி பாவிப்பவர்கள்தான் நம்மூரில் கனபேர். ஹ, ஷ விஷயத்தை மேலே சொன்னோம். அதோடு ஜ, ஸ இரண்டும் சதுர அடைப்புக்குறிக் கீகளில் வருகின்றன. 61 கீயில் அவை இருக்கின்றன, பயமில்லை. சில எழுத்து வடிவங்களை ஆல்ட்டைப் பிடித்து எண் அடித்து வரவைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் நம்பர் பாட் இல்லாத எந்தக் கீபோடும் உதவாது. விண்டோஸில் அந்த முறை நம்பர் பாடின் எண்ணுக்குத்தான் வேலை செய்யும், மேல் வரிசை எண்ணுக்கு இல்லை.

அரச அலுவலகங்களில் பாவிக்கும் ரெங்கநாதன் தட்டமைப்பும் பழைய தட்டச்சு இயந்திர வழியில் வந்ததுதான். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கிய ஆர். முத்தையா 1886இல் சுண்டுக்குளியில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவூட்டாமல் போக மனம் வரவில்லை. ரெங்கநாதனைப் பாவிப்பவர்கள் விண்டோஸ் கீ, கொன்ட்ரோல், ஓ மூன்றையும் ஒன்றாக அழுத்தித் திரைக் கீபோடைத் திறந்து, மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கீயிலும் எந்த எழுத்து என்று தெரியும். ஷிஃப்ட்டை அழுத்தியும் ஒருக்கால் பாருங்கள். எழுத்து வரிசை மூன்றுக்கும் வெளியே நிற்கும் எழுத்துகளைத் தாளில் குறித்துக்கொண்டு, வாங்கப்போகும் கீபோடின் படத்தில் அந்தக் கீகள் தனியாக இருக்கின்றனவா என்று தேடுங்கள். பாமினி எழுத்துருவாகப் பாவிப்பவருக்குத் திரைக் கீபோட் ஆங்கிலத்தையே காட்டும். அவர்கள் வேர்டில் பாமினியைத் தெரிந்து, ஒவ்வொரு கீயாக அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

கீயின் மேல் தமிழ் எழுத்து அச்சடித்த மெக்கானிக்கல் கீபோடை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் சொரசொரப்பான கீ மூடிகளில் ஸ்டிக்கரின் ஓரம் சீக்கிரம் கிளம்பும். பார்த்து அடிப்பவர் என்றால் வழுவழுப்பான மூடி உள்ளதாக எடுத்து, அற்ககோலில் துடைத்துக் காயவிட்ட பிறகு ஒட்டுங்கள்.

காசு கொடுக்க முதல் ஒரு கிழமைச் சோதனை

இப்போது பாவிக்கும் முழுக் கீபோடே போதும். பழைய பெட்டி மட்டையை வெட்டி நம்பர் பாடை மூடி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மூன்று நாளில் கை பழகிவிட்டால் எஃப் வரிசையையும் மூடுங்கள். அதன்பிறகு டிலீட், ஹோம், எண்ட் உள்ள நடுப்பகுதி. அம்புக் கீகளைக் கடைசியாக மூடுங்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, மட்டையில் விரல் முட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள்.

நம்பர் பாடில் கோடு நிறைந்தால் 87 கீயும் அதற்குக் கீழும் உங்களுக்கு இல்லை. 12 இலக்க அடையாள அட்டை எண், தொலைபேசி எண், கணக்கு எண் என்று நாளுக்கு ஐம்பது படிவம் நிரப்பும் கடைக்காரருக்கு மேல் வரிசை எண்களில் அடிப்பது நேரத்தையும் தின்னும், பிழையும் கூடும். அவர்கள் சின்னக் கீபோடுதான் வேண்டுமென்றால் தனியாக 17 கீ நம்பர் பாட் ஒன்று வாங்கி இடப்பக்கம் வைக்கலாம். வலக்கை மவுசிலேயே இருக்கும். எஃப் வரிசையில் கோடு விழுவது பெரும்பாலும் எக்ஸெலில்: எஃப்2 கலத்தைத் திருத்த, எஃப்4 முகவரியைப் பூட்ட. இதில் அடிக்கடி வேலை என்றால் 75%க்குக் கீழே இறங்க வேண்டாம். அம்பில் விழும் கோடு எல்லாருக்கும் கூடத்தான் இருக்கும். அதனால்தான் 60%ஐவிட 65%ஐப் பரிந்துரைக்கிறோம். இரண்டு செ.மீ. கூட, ஆனால் அம்பு நான்கும் கைக்குள் இருக்கும்.

என்ன நன்மை

60% என்றால் மவுஸ் ஏறக்குறைய 14 செ.மீ. உள்ளே வரும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். வலத் தோளில் நோவு உள்ளவருக்கு இதுவே வாங்கப் போதுமான காரணம். முழுக் கீபோடில் எழுத்துப் பகுதியை உடம்புக்கு நேரே வைத்தால் மவுசுக்குக் கையை அகல நீட்ட வேண்டும். மவுசைக் கிட்டக் கொண்டுவந்தால் எழுத்துப் பகுதி இடப்பக்கம் நகர்ந்து மணிக்கட்டு வளையும். நம்பர் பாட் போனால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும்.

படிக்கும் மேசையில் கொப்பி விரிக்க இடம் கிடைக்கும். உயர்தர மாணவர்களின் அறையில் மேசை ஒன்றுதான், அதில் புத்தகமும் கணினியும் சேர்ந்தே இருக்கும். லப்டொப் பையில் வைத்து வளாகத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அலுமினியக் கூடு உள்ளவை ஒரு கிலோவைத் தாண்டும் என்பதால் கொண்டு திரிபவர் பிளாஸ்ரிக் கூட்டை எடுங்கள்.

மெக்கானிக்கலாக இருப்பதன் நன்மை வேறு. ஒவ்வொரு கீக்கும் தனிச் சுவிட்ச். சாதாரண ரப்பர் கீபோடில் ஒரு எழுத்துச் செத்தால் முழுவதையும் எறிவதுதான் வழி. இதில் அந்த ஒரு சுவிட்சை மாற்றினால் சரி. உத்தரவாதத்துக்கென்று கொழும்புக்குப் பார்சல் கட்டி, கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டிய ஊரில் இது சின்ன லாபமில்லை. ஆனால் அதற்குச் சுவிட்சைக் கையால் கழற்றிப் பூட்டும் ‘ஹொட்ஸ்வாப்’ வகையாக இருக்க வேண்டும். ஈயம் வைத்து ஒட்டிய வகையில் சோல்டர் தெரிந்தவரைத் தேடிப்போக வேண்டிவரும். விலை கொஞ்சம் கூடினாலும் ஹொட்ஸ்வாப் எடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

என்ன தீமை

இழந்த கீகள் ஃபங்ஷன் கூட்டுகளாக ஒளிந்திருக்கும், அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். வீட்டில் நாலு பேர் பாவிக்கும் பொதுக் கணினிக்கு 60% வாங்காதீர்கள். டிலீட் எங்கே, அம்பு எங்கே என்று ஒவ்வொருவரும் உங்களைக் கூப்பிடுவார்கள்.

கணினியைத் திறக்கும்போது எஃப்2, எஃப்12, டிலீட் அடித்து உள்ளமைப்புக்குள் (பயோஸ்) போக வேண்டிய நேரத்தில் ஃபங்ஷனையும் சேர்த்து அடிக்க வேண்டும். புளூடூத்தில் மட்டும் இணைந்த கீபோட் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வேலையே செய்யாது. வயரும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

புளூடூத்தில் இன்னொரு குறை தமிழில் துலக்கமாகத் தெரியும். பற்றரியை மிச்சம் பிடிக்கக் கீபோட் சில நிமிடத்தில் தூங்கிவிடும்; எழும்பும்போது முதல் அடி தொலைந்துபோகும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத்தான் குறையும். பழைய தட்டச்சு முறையில் தமிழ் அடிப்பவருக்கு மெய் தொலைந்து, அரவு மட்டும் புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். ஷிஃப்ட்டை ஒருக்கால் தட்டி எழுப்பிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள்.

உயரமும் ஒரு குறை. மெக்கானிக்கல் கீபோடின் முன் ஓரம் இரண்டு செ.மீ. அளவு மேலே நிற்கும். மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். பின்கால்களை விரிக்க வேண்டாம். அதே உயரத்தில் கைதாங்கி ஒன்று வையுங்கள், மரத்துண்டு போதும். தேக்கோ வேம்போ நன்றாக உரஞ்சிப் பாவிக்கலாம். பனஞ்சிலாகை வேண்டாம், சிலாம்பு ஏறும்.

சுவிட்ச்: நிறத்தைவிட விரலைப் பாருங்கள்

ஜெர்மனியின் செரி கம்பனியின் எம்.எக்ஸ் வகை தொடக்கி வைத்த நிறப் பெயர்களைத்தான் இன்று கேட்டரான், கைல், அவுடெமு எல்லாம் ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகின்றன. சிவப்பு நேராக இறங்கும். மண்ணிறம் பாதியில் ஒரு சின்ன முட்டல் காட்டும். நீலம் முட்டலோடு ‘டிக்’ என்று சத்தமும் போடும். செரி சிவப்பு 45 கிராம் அளவு அழுத்தத்தில், 2 மி.மீ. இறங்கியதும் எழுத்தைப் பதியும். அடிவரை 4 மி.மீ. அதாவது கீயை மேசை அதிர அடிக்கத் தேவையில்லை. பாதியில் விட்டாலும் எழுத்து விழும். ரப்பர் கீபோடில் பழகிய கை இதைப் பிடிக்க ஒன்றிரண்டு கிழமை செல்லும்.

நீலத்தைச் சாமத்தில் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். நம்மூர் வீடுகளில் அறைச் சுவருக்கு மேலால் காற்றுப்போகி வழியாகச் சத்தம் அடுத்த அறைக்கு அப்படியே போகும்.

இனிப் பாமினி அடிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ‘யாழ்ப்பாணம்’ என்று அடியுங்கள்: ய, அரவு, ழ, புள்ளி, ப, புள்ளி, ப, அரவு, ண, ம, புள்ளி. 11 அடியில் மூன்று அடி புள்ளிக்கு. பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளிக் கீயில், அதாவது வலது சின்ன விரலுக்குக் கீழே. கையிலேயே மெலிந்த விரலுக்கு இவ்வளவு வேலை. தமிழ்99இல் அதே சொல் 10 அடி. இரட்டிக்கும் ப்பவுக்குப் புள்ளி தானாக விழும், மிச்சம் இரண்டு புள்ளியும் இடது சுட்டுவிரலுக்கு வரும். பாமினியை விட முடியாதவர்கள் ஹொட்ஸ்வாப் கீபோடில் அந்த அரைப்புள்ளிக் கீக்கு மட்டும் 35 கிராம் அளவில் இளகிய நேர் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். நாள் முடிவில் சின்ன விரலின் அலுப்புக் குறைவது தெரியும். முதலில் தேய்வதும் பெரும்பாலும் அந்தச் சுவிட்சுத்தான், ஆகவே அதே வகையில் இரண்டு மூன்று கூட வாங்கி வையுங்கள்.

கடையில் அல்லது பார்சல் வந்த அன்றே

குரியரில் எடுத்தால் பெட்டியை உடைப்பதிலிருந்து ஃபோனில் வீடியோ எடுங்கள். வயரில் இணைத்து, வெறும் நோட்பாடைத் திறந்து, ஒவ்வொரு எழுத்துக் கீயையும் பத்துத் தடவை மெதுவாக அடித்து எண்ணுங்கள். ஒன்பது விழுந்தாலும் பதினொன்று விழுந்தாலும் அந்தச் சுவிட்சோ அதைச் செருகும் சொக்கட்டோ சரியில்லை. ஸ்பேஸ்பாரை நடுவில் மட்டும் தட்டாமல் இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் தட்டுங்கள். ஒரு பக்கம் சிக்கினால் அல்லது தகரம் போலக் கிலுகிலுத்தால் அடியிலுள்ள கம்பி இருக்கையில் சரியாக அமரவில்லை.

வயரை இரண்டு விதத்தில் பாருங்கள். மலிந்த கீபோட்கள் சிலவற்றில் யூ.எஸ்.பி.-சி துளைக்கு உள்ளே இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் தடைகளை விட்டுவிடுகிறார்கள். அப்படியானவை ஒரு முனை பழைய அகலத் தலையுள்ள வயரில் வேலை செய்யும். இரண்டு முனையும் சி ஆன வயரில் உயிரே வராது. புது லப்டொப்பில் சி துளை மட்டும் இருந்தால் இது முக்கியம்.

சொக்கட் எல்லாச் சுவிட்சையும் ஏற்குமா, மூன்று கால் மட்டுமா ஐந்து காலுமா என்று கேளுங்கள். அவுடெமுவின் பழைய வகைச் சொக்கட் மெல்லிய கால்களுக்கு மட்டும் செய்தது. அதில் வேறு கம்பனிச் சுவிட்சைத் திணித்தால் சொக்கட் போய்விடும்.

விளக்குகளைப் பற்றி ஒன்று மட்டும்: மின்வெட்டு நேரத்தில் லப்டொப் பற்றரியில்தான் அவையும் எரிகின்றன. அணைத்துவிடுங்கள்.

முதல் நாளே மாற்ற வேண்டிய கீகள்

கீகளின் வேலையை மாற்றும் வீயா (VIA) என்ற மென்பொருளை ஏற்கும் கீபோட் என்றால் மாற்றம் கீபோடுக்குள்ளேயே பதியும், எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் கூடவே வரும். வயரில் இணைத்து, வீயாவில் கீபோடின் படம் வந்ததும் மாற்ற வேண்டிய கீயைத் தொட்டு, கீழே புதிய வேலையைத் தெரிவு செய்தால் சரி.

பாமினிக்காரர் முதலில் இடது மேல் மூலையிலிருக்கும் எஸ்கேப்பை எடுத்துவிட்டு ஹ இருக்கும் கீயை அங்கே வையுங்கள். ஹாட்லியும் சந்தோஷமும் பழையபடி அடிபடும். எஸ்கேப்பைக் கப்ஸ் லொக்குக்கு மாற்றுங்கள். பாமினியில் கப்ஸ் லொக் தவறுதலாக விழுந்தால் ஒரு வரி முழுக்க வேறு எழுத்தாகிவிடும் என்பதால் அது போவதும் நல்லதுக்கே. 60% வைத்திருப்பவர்கள் கப்ஸ் லொக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் ஃபங்ஷன் என்று வைத்து, வலக்கையின் நடு மூன்று விரலுக்குக் கீழே அம்புகளை அமைக்கலாம். கை இருந்த இடத்தை விட்டு அசையாது. பழகிவிட்டால் தனி அம்புக் கீயைவிட இதுவே வேகம்.

வீயா இல்லாவிட்டால் விண்டோஸில் பவர்டோய்ஸ் (PowerToys) என்ற மென்பொருள் மூலம் மாற்றலாம், ஆனால் அது அந்தக் கணினியோடு நின்றுவிடும். ஃபங்ஷன் கீயை அதில் மாற்றவும் முடியாது; அந்த அடி கீபோடை விட்டு வெளியே வருவதேயில்லை, விண்டோஸுக்கு அது தெரியாது.

ஒரு சுவிட்சை மாற்றும் முறை

ஒரு கீ இரண்டு தரம் அடிக்கிறது அல்லது விட்டு விட்டு அடிக்கிறது என்றால் உடனே புதுசு போட வேண்டாம். அந்தச் சுவிட்சைக் கழற்றி, அதிகம் பாவிக்காத வலது கொன்ட்ரோலின் சுவிட்சோடு இடம் மாற்றுங்கள். கோளாறு கூடவே போனால் சுவிட்ச் பழுது. அதே இடத்தில் நின்றால் சொக்கட்டோ பலகையோ பழுது. ஒரு வரிசை முழுவதுமாகச் செத்தால் சுவிட்சைத் தொடவே வேண்டாம். வயரை மாற்றிப் பார்த்துவிட்டுத் திருத்துபவரிடம் கொடுங்கள்.

வயரைக் கழற்றி, பற்றரி உள்ளதாயின் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். மூடியைக் கழற்றக் கம்பிக் கொளுக்கி நல்லது. பிளாஸ்ரிக் வளையம் மூடியின் பக்கத்தைக் கீறும். சுவிட்ச் கழற்றியைச் சுவிட்சின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் பிடியுங்கள், இடம் வலமாக அல்ல. பூட்டும் பல் அந்த இரண்டு பக்கமும்தான் இருக்கிறது. அமத்தி, செங்குத்தாக மேலே இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் சொக்கட் பலகையிலிருந்து பெயரும்.

புதுச் சுவிட்சின் இரண்டு செப்புக் கால்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்திருந்தாலும் சின்னக் குறட்டால் நிமிர்த்திவிட்டுத்தான் வைக்க வேண்டும். மூன்று கால் பலகைக்கு ஐந்து கால் சுவிட்ச் என்றால், கூடுதலான இரண்டு பிளாஸ்ரிக் காலை நகவெட்டியால் வெட்டிவிடுங்கள். கால்களைத் துளைக்கு நேரே பிடித்து, பெருவிரலால் நேராக அமத்துங்கள். ‘டக்’ என்று அமர வேண்டும். பாரமாகத் தடுத்தால் பலத்தைக் கூட்டாமல் உடனே வெளியே எடுங்கள். ஒரு கால் மடிந்திருக்கும். மாற்றிய பிறகு கீ அடிக்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை இந்த மடிந்த கால்தான் காரணம்.

உப்புக்காற்று, புழுதி, தேத்தண்ணி

குருநகர், பாசையூர், பருத்தித்துறை என்று கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. சுவிட்சின் உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டு விலகுகின்றன. உப்பும் ஈரமும் அதில் படிந்தால் ஒரு எழுத்து இரண்டாக விழத் தொடங்கும். வேலை முடிந்ததும் துணியால் மூடுங்கள். கனநாள் பாவிக்காமல் வைப்பதானால் மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கூட்டின் அடி ஆணிகளில் துரு தெரிந்தால் உள்ளேயும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

உள்ளூரில் செம்மண் புழுதி. மாதத்துக்கு ஒருக்கால் கீபோடைக் கவிழ்த்துத் தட்டி, மெல்லிய தூரிகையால் கீகளுக்கிடையே துடையுங்கள். மூடிகளைச் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் மலிந்த மூடி வளையும். தின்னரும் நகப்பூச்சு அகற்றும் திரவமும் வேண்டாம், பிளாஸ்ரிக்கைக் கரைத்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயைச் சுவிட்சுக்குள் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயில் புழுதி ஒட்டிக் களியாகிவிடும். எலக்ரோனிக் சாமான் துடைக்கும் கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, கீயை ஐம்பது தடவை அடித்தாலே பல சுவிட்ச் திரும்ப உயிர்க்கும். வயர் இல்லாத வகையை வெயிலில் நிற்கும் காருக்குள் விட வேண்டாம். கூட்டின் பொருத்து விரியத் தொடங்கினால் உள்ளே பற்றரி வீங்குகிறது, அதற்குப் பிறகு சார்ஜ் போடாதீர்கள்.

தேத்தண்ணி ஊற்றுப்பட்டால் வயரை உடனே இழுத்துவிட்டுக் கீபோடைக் கவிழ்த்துப் பிடியுங்கள், துடைப்பது பிறகு. மூடிகளையும், ஹொட்ஸ்வாப் என்றால் நனைந்த சுவிட்சுகளையும் கழற்றுங்கள். வெறும் தண்ணி என்றால் இரண்டு நாள் காயவிட்டால் பெரும்பாலும் தப்பும். சீனி போட்ட தேத்தண்ணி அப்படியல்ல. தண்ணி வற்றினாலும் சீனி ஒட்டி நிற்கும், எறும்பையும் கூப்பிடும். பலகையை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பழைய பல்தூரிகையால் கழுவி, மின்விசிறிக்கு முன்னால் 24 மணித்தியாலம் வையுங்கள். சீனி இறங்கிய சுவிட்சுகளைக் கழுவி மினக்கெடுவதைவிட, கூட வாங்கி வைத்தவற்றில் எடுத்துப் போடுவது நல்லது. ஆகவே சாதாரணச் சுவிட்சிலும் பத்துக் கூட வாங்கி வையுங்கள்.